கொட்டையைத் துப்பிவிட்டுப் போகவும்

முத்திருளனை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையிலும் நாவல் மரத்தடியில் வரிசை நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? சுடுகாட்டுக்குப் போய்வந்த ஆண்களும் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க அழுத பெண்களும் வீங்கிய முகத்தோடு வந்து நின்றார்கள். துக்கம் விசாரித்துவிட்டு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளும் பழக்கம் சர்க்கரை வியாதிக்கு இல்லை.

நர்ஸ் ஜெசிந்தா மரத்தைச் சுற்றியிருந்த கம்பிக்கூண்டின் பூட்டைத் திறந்து, மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். உட்காரும்போது முழங்கால் சத்தம் போட்டது. இந்த வேலையை யாராவது பிடுங்கிக்கொண்டு தன்னை வீட்டுக்கு அனுப்பினால் தேவலை என்று அவள் தினமும் காலையில் ஒருமுறை நினைப்பாள். அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே நினைத்துவிட்டாள்.

வைகைக் கரையோரத்து அந்தச் சின்ன ஊரில் தெருவுக்கு ஒரு நாவல் மரம் இருந்தது. அத்தனையும் வேரகம் என்ற நிறுவனம் வைத்த மரங்கள். பழைய சர்க்கரை மாத்திரைகள் ஒவ்வொன்றாக உடம்பில் எடுபடாமல் போய், புதிதாக வந்த ஊசி பங்களாக்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்ட காலத்தில், நாவல் மரத்தின் மரபணுவைத் திருத்தி, பழத்தின் சதையிலேயே மருந்து ஊறும்படி செய்திருந்தார்கள். ஆடி மாதத்தில் மட்டும் பழுத்துக்கொண்டிருந்த மரம் வருஷம் முழுக்கப் பழுத்தது. மணிக்கட்டில் ஒட்டியிருக்கும் வில்லை காட்டுகிற சர்க்கரை அளவைப் பார்த்து ஜெசிந்தா பழத்தை எண்ணிக் கொடுப்பாள். வாங்கியவர் அவள் கண்ணெதிரே தின்றுவிட்டு, கொட்டையை வாளியில் துப்பிவிட்டுப் போக வேண்டும். கூண்டின் மேல் பலகை தொங்கியது: 'பழம் உங்களுக்கு. விதை நிறுவனத்துக்கு. கொட்டையைத் துப்பிவிட்டுப் போகவும்.'

ஊரில் பாதிப் பேருக்கு நாக்கு ஊதா நிறம். பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொன்ன காலம் போய், நாக்கை நீட்டச் சொல்கிற காலம் வந்திருந்தது. ஜெசிந்தாவின் நாக்கும் ஊதாதான். அவளுக்குக் கல்யாணப் பேச்சு எதுவும் இல்லாததால் அதைப்பற்றி அவள் கவலைப்படவில்லை.

"சிஸ்டரு, சௌந்தரத்தப் போலீசுல இன்னும் விடலயாமே?" என்றாள் வரிசையில் முதலில் நின்றவள்.

"போயிப் பாக்கத்தான் போறேன். வாயத் தொற."

"கட்டுன புருஷனுக்கு மருந்து குடுத்தது ஒரு குத்தமா?"

ஜெசிந்தா பழத்தை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தாள். முன்னைவிட ஒன்று குறைவு. மழை பொய்த்து மரம் காய்ப்பைக் குறைத்துக்கொண்டதிலிருந்து எல்லாருக்குமே ஒன்று குறைவுதான்.

ஸ்டேஷனில் சௌந்தரம் சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பூக்கட்டிப் பிழைக்கிறவள். விரல்கள் சும்மா இருக்கத் தெரியாமல் சேலை நுனியை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தன. அவள் கணவன் முத்திருளன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். தூக்கத்திலேயே போய்விட்டான். அவன் மணிக்கட்டு வில்லையைப் பார்த்த டாக்டர், சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியதால் வந்த சாவு என்று சொல்லிவிட்டார். வீட்டு அலமாரியில் ஒரு பாட்டில் நிறைய நாவற்கொட்டைப் பொடி கிடைத்தது. 'என் அண்ணனுக்கு எதையோ அரைத்துக் கொடுத்துக் கொன்றுவிட்டாள்' என்று முத்திருளனின் தம்பி மாயழகு எழுதிக் கொடுத்திருந்தான். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றே பல வருஷம். செத்த பிறகு பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"டீ குடுத்தாக." சௌந்தரம் நிமிர்ந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளுக்கும் சர்க்கரைதான், அதனால் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. "நான் என்ன செஞ்சேன் சிஸ்டரு? அவருக்குக் கால்ல புண்ணு ஆறவே இல்ல. வெரலெல்லாம் கறுத்துப் போச்சு. கால எடுக்கணும்னு பெரியாஸ்பத்திரில சொல்லிட்டாக. பழத்தையும் கொறச்சுட்டீக. நான் என்னத்தப் பண்ண?"

"கொட்டைய எப்படி வெளிய கொண்டாந்தீங்க?"

"கன்னத்துல அதக்கிக்கிட்டுத்தான். ஒண்ணத் துப்புவாரு, ஒண்ண அதக்கிக்கிருவாரு. நானும் அப்படித்தான். தெருவே அப்படித்தான செய்யுது? நீங்களும் பாக்காத மாதிரி வேற பக்கம் திரும்பிக்கிருவீகளே."

அது உண்மை. வெற்றிலை போட்டவர்கள்போல் கன்னம் புடைக்க நகர்கிறவர்களை ஜெசிந்தா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கொட்டைக்குக்கூடக் காவல் வைக்கிற கம்பெனியின் கஞ்சத்தனம் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலு கொட்டை வெளியே போய் நாலு இடத்தில் முளைத்தால் முளைக்கட்டுமே என்று விட்டுவிட்டாள். யாரும் அதை முளைக்கப்போடவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எல்லார் வீட்லயும் பொடி பண்றாங்களா?"

"பின்ன? நெழல்ல காயவச்சு, தோலு நீக்கி, இடிச்சுச் சலிச்சு, வெறும் வயித்துல மோருல கலக்கிக் குடிக்கிறதுதான? எங்கப்பன் பாட்டன் காலத்துலருந்து சக்கரைக்கு நாவக்கொட்டைதான். பழம் வாயி ருசிக்கு. பழத்தப் போயி யாராச்சும் மருந்துன்னு சொல்லுவாகளா?" சௌந்தரத்துக்கு அழுகை முட்டியது. "கம்பெனிக்காரன் சதைய நமக்குத் தந்துட்டு மருந்த அவன் எடுத்துக்கிறான்னுதான் நெனச்சோம். அவரு பாவம், கசக்குது கசக்குதுன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு ஸ்பூனு குடிச்சாரு. கால் பொழைச்சுக்கிரும்னு நான்தான் அதட்டிக் குடுத்தேன்."

ஜெசிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல வந்தவள்தான். ஆனால் இந்தப் பெண் இன்னும் எத்தனை காலம் உயிரோடிருந்தாலும் அந்த அதட்டலை நினைத்துக்கொண்டேதான் இருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது. ஜெயிலில் இருந்துகொண்டு நினைக்க வேண்டுமா, வீட்டில் இருந்துகொண்டு நினைக்க வேண்டுமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

மத்தியானம் வேரகத்திலிருந்து ஆள் வந்தான். இளம்பரிதி என்று பெயர். நாற்பதைத் தாண்டியவன், இந்த மரத்தை உருவாக்கிய குழுவில் ஒருவன். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருப்பான்போல, கண் சிவந்திருந்தது. மருந்தக அறையில் ஜெசிந்தாவின் எதிரே உட்கார்ந்து, அவள் கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தட்டச்சு செய்த காகிதம் ஒன்றை நீட்டினான்.

"உங்க பேர்ல ஒரு வாக்குமூலம் மேடம். வீட்டுல பண்ணின கலப்பட நாட்டு மருந்தால ஏற்பட்ட சாவு, பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு இருக்கு. கையெழுத்துப் போட்டா போதும்."

"போட்டா அந்தப் பொம்பளைய உள்ள வச்சிருவாங்களே."

"தெரியாம செஞ்சதுதானே. ரொம்ப நாள் வச்சிருக்க மாட்டாங்க."

"தம்பி, நாவக்கொட்டை தின்னு யாரும் செத்து நான் பாத்ததில்ல. இந்த மரத்துக் கொட்டையில என்ன இருக்கு?"

இளம்பரிதி ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஒரு சைக்கிள் நின்றது.

"மருந்து சதையில மட்டும்தான் சேரணும்னு வடிவமைச்சோம்," என்றான். "ஆனா மரத்துக்கு நம்ம கணக்கு புரியாது. அது தன் குழந்தைக்குத்தான் முதல்ல ஊட்டுது. கொட்டையில பத்து மடங்கு சேருது. சிலதுல அதுக்கும் மேல. எதுல எவ்வளவுன்னு எங்களாலயே சொல்ல முடியல. ஒரே கிளையில ஒரு கொட்டை சும்மா இருக்கும், பக்கத்துக் கொட்டை ஆளைக் கொன்னுரும். முழுசா முழுங்கினா செரிக்காம வெளிய வந்துரும், ஆபத்தில்ல. அரைச்சாத்தான்."

"இது உங்களுக்கு முன்னாலயே தெரியும்."

"தெரியும்."

"அரைப்பாங்கன்னு தெரியாதா?"

"பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையை யார் அரைக்கப் போறான்னு குழுவுல சிரிச்சாங்க. பாதிப் பேர் நாவல் பழத்தைப் படத்துல பார்த்தவங்க."

"நீங்க?"

"எங்கப்பா தினமும் காலையில அந்தப் பொடியைத்தான் சாப்பிட்டார் மேடம். நான் எடுத்துச் சொன்னேன். அப்பதான் வக்கீலுங்க ஒரு வழி சொன்னாங்க. கொட்டை ஆபத்துன்னு எழுதினா மரத்துக்கு அனுமதி கிடைக்காது. கொட்டை எங்க சொத்துன்னு எழுதினா கிடைக்கும். எப்படி எழுதினாலும் ஜனங்க தொடாம இருந்தா சரிதானேன்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமில்லை என்று தெரிந்தும் வந்தது. "கம்பெனி சொத்துன்னு பலகை மாட்டி வச்சா எங்க ஊர்க்காரன் தொடாம இருப்பான்னு நெனச்சீங்க பாருங்க. அதத்தான் மொத வேலையா எடுப்பான்."

"நீங்க உண்மையைச் சொல்லலாம். நான் தடுக்கல," என்றான் இளம்பரிதி. அவன் குரலில் மிரட்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஆனா சொன்ன அன்னிக்கே மரத்தை வெட்ட உத்தரவு வரும். இந்த ஊர்ல மட்டும் இல்ல, எல்லா ஊர்லயும். அதுக்கப்புறம் இந்த ஜனங்களுக்கு என்ன குடுப்பீங்க?"

ஜெசிந்தா நாக்கை நீட்டிக் காட்டினாள். ஊதா நாக்கு. "எனக்கும் என்ன குடுப்பீங்கன்னு கேளுங்க," என்றாள்.

அவன் போன பிறகு அவள் வெகுநேரம் அந்தக் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்டால் மரம் பிழைக்கும். வரிசையில் நிற்கிற தறிக்காரருக்குக் கால் பிழைக்கும், இட்லிக்கடை நாகூர்மீராவுக்குச் சிறுநீரகம் பிழைக்கும். சௌந்தரம் புருஷனைக் கொன்றவள் என்ற பெயரோடு உள்ளே போவாள். அது மட்டும் என்றால்கூடக் கல்நெஞ்சோடு போட்டுவிடலாமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஒரு பாட்டில் இருக்கிறதே. சொல்லாவிட்டால் இன்றைக்கு ராத்திரியே இன்னொருவர் மோரில் கலக்கிக் குடிப்பார். யேசுவே, வேறு யாரையாவது இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கக் கூடாதா என்று முணுமுணுத்தாள். பிறகு காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

எஸ்.ஐ. தவமணி முழுவதையும் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"யோசிச்சுத்தான் பேசுறீங்களா சிஸ்டர்? எங்க வீட்டம்மாவும் உங்க வரிசையிலதான் நிக்கிறா."

"உங்க வீட்லயும் பொடி இருக்கா சார்?"

தவமணி செல்போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். வாசலில் நின்று, "ஏய், அந்தக் கருமத்த எடுத்துச் சாக்கடையில கொட்டு. கேள்வி கேக்காத, கொட்டுன்னா கொட்டு" என்று அவர் கத்துவது உள்ளே கேட்டது. அன்று சாயங்காலமே சௌந்தரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஜெசிந்தா மாதா கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். வரிசையில் நிற்பவர்கள் போதாது என்று வீடுகளிலிருந்தும் ஆட்களை அழைத்து வரச் சொன்னாள். சௌந்தரமும் வந்து கடைசியில் நின்றாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றாள் ஜெசிந்தா. ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. "முத்திருளன் செத்ததுக்குச் சௌந்தரம் காரணமில்ல. கம்பெனிக்காரன் நம்மகிட்ட மறைச்சுட்டான். இந்த மரத்துல மருந்து சதையில இருக்கிறத விடக் கொட்டையிலதான் அதிகம். பத்து மடங்கு. கம்பெனி ஆளே எங்கிட்ட ஒத்துக்கிட்டாரு. சர்க்கரைய அப்படியே அடிச்சுக் கீழ எறக்கிரும். ஆளே காலி. எல்லாரும் வீட்டுக்குப் போயி, இருக்கிற பொடியத் தெருவுல கொட்டிருங்க."

வரிசை கலைந்து, ஆட்கள் அவளை நெருங்கி வந்தார்கள்.

"பத்து மடங்கா சிஸ்டரு?" என்று கேட்டார் தறிக்காரர்.

"பத்து மடங்கு. சிலதுல அதுக்கும் மேல."

"சதைய விடவா?" என்றாள் இன்னொருத்தி.

"ஆமாங்குறேன்ல. சதையெல்லாம் அதுகிட்ட நிக்கவே முடியாது."

பயம் காட்டுவதற்காகத்தான் அழுத்திச் சொன்னாள். கூட்டம் வாயடைத்து நின்றது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அமைதியைப் பார்த்து ஜெசிந்தாவுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதி வந்தது. விஷயம் மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்தாள்.

இளம்பரிதி சொன்னபடியே மரத்தை வெட்ட உத்தரவு வந்தது. ரம்பமும் கயிறுமாக ஒரு வண்டி வந்து தெருமுனையில் நின்றது. அதற்குள் மரத்தைச் சுற்றி ஊரே உட்கார்ந்துவிட்டது. முன்வரிசையில், அண்ணனைக் கொன்றுவிட்டாள் என்று எழுதிக் கொடுத்த மாயழகுதான் இருந்தான். எங்கள் கழுத்தை அறுத்துவிட்டு மரத்தை அறுங்கள் என்றான். வெட்ட வந்தவர்களும் கூலிக்காரர்கள்தாம், வெயிலில் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டதாகச் சாயங்காலம் செய்தி வந்தது. ஜெசிந்தா மனசாரச் சந்தோஷப்பட்டாள். உண்மையையும் சொல்லியாயிற்று, மரமும் நிற்கிறது, சௌந்தரமும் வீட்டில் இருக்கிறாள். இந்த வயதில் இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தாள். ஓய்வு பெற்ற பிறகு வேளாங்கண்ணிக்குப் போய்ச் சில நாள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும் என்றுகூட ஆசை வந்தது.

அடுத்த சில நாட்களில் தெருவில் எங்கும் பொடி கொட்டிக் கிடக்கவில்லை. வேறெங்காவது கொட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு வாளியில் விழும் கொட்டைகள் குறைந்தன. வாயைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டினார்கள், ஒன்றும் இல்லை. நாக்குக்கு அடியில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். தறிக்காரர் மட்டும் கொஞ்சம் கெத்தாகச் சிரித்துவிட்டுப் போனார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. புரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சௌந்தரம் நின்றாள். நெற்றியில் பொட்டு இல்லாத அவள் முகம் ஜெசிந்தாவுக்கு இன்னும் பழகவில்லை.

"ஒங்களுக்குக் கோயில் கட்டணும் சிஸ்டரு," என்றாள். "நீங்க இல்லாட்டி நான் உள்ள கெடந்து செத்திருப்பேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். கண்ணு எப்படி இருக்கு?"

"அதுக்குத்தான் வந்தேன். ஊசிக்கு நூல் கோத்தது போயி, இப்ப மல்லியா முல்லையான்னு மோந்து பாத்துத்தான் கட்டுறேன். கண்ணு போயிருச்சுன்னா எனக்குக் கஞ்சி ஊத்த யாரு இருக்கா? அவரும் இல்ல." சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்காமலே அது என்னவென்று தெரிந்தது.

"சௌந்தரம்! இதக் குடிச்சுத்தான அவரு போனாரு?"

"அதான் சிஸ்டரு. கொட்டையிலதான் மருந்துன்னு நம்ம பெரியவுகல்லாம் சொன்னது பொய்யில்லன்னு நீங்களே மைக்குல சொல்லிட்டீக. பத்து மடங்குன்னு கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான்னீக. மருந்து மேல தப்பில்ல. அளவு தெரியாம நான்தான் அவருக்கு ஜாஸ்தியாக் குடுத்துட்டேன்." அவள் பொட்டலத்தை நீட்டினாள். "எனக்கு ஒரு அளவு சொல்லுங்க. நீங்க சொல்ற அளவுக்கு மேல ஒரு துளி தொடமாட்டேன்."

"அளவே கெடையாது சௌந்தரம். ஒரு கொட்டையில இருக்கிறது இன்னொண்ணுல இருக்காது. மரத்த உண்டாக்குனவனுக்கே தெரியல."

"ஒங்களுக்குத் தெரியும். எங்ககிட்ட மறைக்காமச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

அப்போதுதான் ஜெசிந்தா அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். தறிக்காரர் நின்றார். நாகூர்மீரா நின்றான். தவமணியின் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். அவர்களுக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பாவோ பொட்டலமோ இருந்தது. மரத்தடியில் நிற்பதுபோலவே, யாரும் சொல்லாமல் வரிசையாக நின்றார்கள்.

கதவைச் சாத்திவிடலாம். சாத்தினால் ஒருவர் அரை ஸ்பூன் என்பார், ஒருவர் ஒரு ஸ்பூன் என்பார், ராத்திரிக்குள் அவர்களே ஓர் அளவை முடிவு செய்துவிடுவார்கள். திறந்து வைத்தாலும் அவர்களுக்குச் சொல்ல அவளிடம் அளவு எதுவும் இல்லை. முழங்கால் வலித்தது. கதவைப் பிடித்தபடி ஒதுங்கி வழிவிட்டாள்.

"உள்ள வாங்க," என்றாள். "யாரும் எதையும் வாயில வைக்காதீங்க. மொதல்ல உக்காருங்க."